லாத்தாவின் தரை, என் சீலிங்

2016-ஆம் ஆண்டு ஜூலை 5, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். மூன்று நாளாக விடாத மழை, காற்று இல்லை. என் முன்னறை சீலிங்கிலிருந்து சோற்றுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து, நான் படுத்திருந்த கட்டிலுக்கும் என் மனைவி படுத்திருந்த பாய்க்கும் நடுவே விழுந்தது. கட்டிலிலிருந்து பதினோரு அங்குலம், பாயிலிருந்து ஏழு அங்குலம். பிறகு ஸ்கேல் வைத்து அளந்தேன்.

வாரியலை எடுத்துப் பெருக்கக் குனிந்தேன். அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மேல் வீட்டு லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டபடி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பெருக்கிராதிய! அப்படியே கெடக்கட்டும். அது சாட்சி."

"காலை வைக்க இடமில்ல லாத்தா."

"தாண்டிப் போங்க. நாளைக்குக் கோர்ட்டுல என்னத்தக் காட்டுவிய, வாரியலையா?"

அன்றைக்குக் கோர்ட்டும் இல்லை, கேஸும் இல்லை. வக்கீல் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் மனதில் கேஸ் எப்போதோ தொடங்கிவிட்டது. பெரிய துண்டுகளாகப் பொறுக்கி நான்கை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு மேலே போனார். மிச்சத்தை நாங்கள் ஐந்து நாள் தாண்டித் தாண்டி நடந்தோம்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. லாத்தா என்றால் தெற்கத்தி முஸ்லிம் வீடுகளில் அக்கா. அவர் என்னைவிட ஒன்பது வயது இளையவர். இருந்தாலும் எனக்கும் லாத்தாதான், பால்காரனுக்கும் லாத்தாதான். கணவர் இறந்த பிறகு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, தாராவிக் கடைகளுக்குத் தோல் பைகளின் உள் துணி தைத்துக் கொடுத்துவந்தார். மகளைத் தேவ்நாரில் கட்டிக் கொடுத்திருந்தார்.

கட்டடம் மும்பையில், மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில், ரயில் பாதையிலிருந்து நூற்று நாற்பது தப்படி. என் வீட்டு வாசல் வரை முப்பத்தெட்டுப் படி, அங்கிருந்து அவர் வாசலுக்குப் பத்தொன்பது. அதில் இரண்டு உடைந்தவை. அதற்கு மேல் மொட்டை மாடி. நாங்கள் எல்லாரும் பக்டிக்காரர்கள். உள்ளே வரும்போது ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பிறகு காலம் முழுக்கப் பெயருக்கு ஒரு வாடகை கட்டுகிறவர்கள். எனக்கு மாதம் 212 ரூபாய். லாத்தாவுக்கு 198. தலைக்கு மேலே மொட்டை மாடி என்பதால் பதினான்கு ரூபாய் குறைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரரான சேட்டை நான் முப்பத்து மூன்று வருடத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஏழாம் தேதி தோறும் அவருடைய கணக்குப்பிள்ளையான முனீம்தான் ரசீதுப் புத்தகத்தோடு வருவார். மொட்டை மாடி ஒழுகுகிறது என்று சொன்னால் சிரிப்பார். "அரே அண்ணா, இத்னே கிராயே மே சூனா பீ நஹீ ஆதா." இந்த வாடகைக்குச் சுண்ணாம்புகூட வராது என்று அர்த்தம். இதை அவர் சொல்லி நானே முப்பது தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். ஒருமுறை லாத்தா அவரிடம், அதே வாக்கியத்தை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் மேலே ஏறுவதில்லை, கீழே நின்று கூப்பிடுவார்.

லாத்தாவின் குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கெட்டுப்போனது எதுவானாலும் கெட்டபடியே இருக்க வேண்டும். ஒட்டக்கூடாது, பூசக்கூடாது, துடைக்கக்கூடாது. கெடுத்தவன் வந்து பார்க்கும்வரை அது காத்திருக்க வேண்டும்.

அவர் வீட்டுப் பரணில் பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. இருபத்து மூன்று. நானே எண்ணினேன். ஒவ்வொன்றிலும் இந்தக் கட்டடத்தின் ஏதோ ஒரு துண்டு. சட்டைக் காலரில் சைஸ் தைக்கும் வெள்ளை நாடாவில் தேதியும் இடமும் எழுதி, மூடியோடு சேர்த்துக் கட்டியிருப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும், சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தாலும், டீயோடு இரண்டு டப்பாவும் இறங்கும். "இது படிக்கட்டு. இது குளிக்கிற மோரிச் சுவரு. இது எம் மச்சான் மௌத்தான வருசம் விழுந்தது." மச்சான் என்று அவர் சொல்வது இறந்துபோன கணவரை. வந்தவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

மழைத் தண்ணீர் மொட்டை மாடி வழியாக அவர் முன்னறையில் இறங்கும். அங்கே தரையில் ஒரு சுளகு அகலத்துக்குச் சிமெண்ட் உடைந்திருந்தது. அதன் வழியாக என் சீலிங்கிற்கு வரும். அந்த உடைசலை அவர் மூடவில்லை. மேலே ஒரு பலகை போட்டு அதன்மேல் நடந்தார். மெஷின்களைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார். பெருநாளுக்கு எங்களை அழைத்திருந்தபோது சேமியாக் கிண்ணத்தைப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டினார், நான் இந்தப் பக்கம் நின்று வாங்கினேன். அன்றைக்கே கேட்டேன்.

"லாத்தா, ஒரு மூட்டை சிமெண்ட் நானே வாங்கித் தாரேன். இதை அடைச்சிருவோம்."

"தரைக்கு ரெண்டு பக்கம் அண்ணாச்சி. மேல எனக்கு, கீழ உங்களுக்கு. நடுவுல உள்ளது சேட்டுக்கு. அவரு சாமானுக்கு நாம எதுக்குச் சிமெண்ட் வாங்கணும்?"

"ஒழுகுதது என் தலையிலயில்லா."

"அதைத்தான சொல்லுதேன். தலையில ஒழுகுததைக் கோர்ட்டுல சொல்லணும். நீங்க சிமெண்ட்டுகிட்ட சொல்லிட்டு இருக்கிய."

இவரோடு பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. நான் கட்டிலை நான்கு தடவை இடம் மாற்றினேன். சொட்டு நான்கு தடவையும் கட்டிலைத் தேடி வந்தது.

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் நின்று எண்ணுவதுதான் வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. ஓய்வு பெற்ற பிறகும் கண் சும்மா இருக்காது. பக்கெட்டில் விழும் சொட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. இதைப் பேச்சுவாக்கில் லாத்தாவிடம் சொன்னதுதான் நான் செய்த முதல் தவறு.

"எண்ணிட்டுச் சும்மாவா இருக்கிய? எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க. நான் சொன்னா பொம்பள கத்துதாம்பான். அண்ணாச்சி எண்ணினா ஜட்ஜு கேப்பாரு."

கட்டடத்தில் பதினான்கு குடித்தனம். லாத்தா ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சேட்டோடு எதற்கு வம்பு என்று பன்னிரண்டு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். கேஸில் முதல் வாதி லாத்தா, இரண்டாம் வாதி நான். சேட் மொட்டை மாடியையும் தரையையும் சரிசெய்து தர வேண்டும், இதுவரை ஆன நஷ்டத்துக்கு ஈடும் கொடுக்க வேண்டும் என்று கேட்டோம். எனக்கு முப்பத்தைந்தாயிரம். லாத்தாவுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அவர் கூட்டிச் சொல்லவில்லை. மழையில் இரண்டு மெஷின் மோட்டாரும் எரிந்துவிட்டன. பைக்கடைக்காரர் கொடுத்து வைத்திருந்த அறுநூறு மீட்டர் உள் துணி பூஞ்சை பிடித்துப் போனது. அந்தத் துணிக்கு அவர் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். நகையை மீட்க வேறு வழி அவரிடம் இல்லை.

2017 மழையில் இன்னொன்று நடந்தது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா? முன்னறையில் தேங்கியிருந்த தண்ணீரில் என் மனைவி வழுக்கி விழுந்தாள். தண்ணீரைத் துடைக்காமல் விட்டிருந்ததற்குக் காரணம் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. சத்தம் கேட்டு லாத்தா ஓடிவந்தார். வந்தவர் முதலில் மொபைலில் போட்டோ எடுத்தார். தண்ணீரை ஒன்று, சீலிங்கை ஒன்று, விழுந்து கிடந்தவளோடு சேர்த்து ஒன்று. மூன்று போட்டோ. பிறகுதான் தூக்கினார்.

கணுக்கால் எலும்பில் கீறல், மாவுக்கட்டு. அதன் பிறகு இருபத்தொரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துத் தந்தவரும், என் மனைவியைத் தோளில் சாய்த்து மோரிக்குக் கூட்டிப்போனவரும் அதே லாத்தாதான். அந்த மூன்று போட்டோவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இருபத்தொரு நாளையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒன்றுக்கொன்று கழிக்கத் தெரியவில்லை.

வாய்தா மேல் வாய்தா. லாத்தா ரேஷன் பையில் ஏழெட்டு டப்பாவோடு வருவார். ரயில் குலுங்கும்போது டப்பாவுக்குள் எங்கள் கட்டடம் கலகலக்கும். எதிரே உட்கார்ந்தவர்கள் ஏதோ தின்பண்டம் என்று நினைப்பார்கள்.

கடைசியில் கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்தது. வீட்டுக்கு நேரில் வந்து, உடைசலைக் கண்ணால் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியவர். மழைக்காலத்தில் வந்திருந்தால் குடை பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார். ஜூலையில் அவருக்கு உடம்பு சரியில்லை, செப்டம்பரில் சேட்டின் வக்கீலுக்கு நேரமில்லை. தள்ளித் தள்ளி 2019 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி என்று முடிவானது. மழையில்லாத மாதம். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள்.

ஜனவரி எட்டாம் தேதி லாத்தா மகள் பிரசவத்துக்குத் தேவ்நார் போனார். சாவியை என்னிடம் கொடுத்தார். "பதினெட்டாந் தேதி காலையில வந்துருவேன். அதுவரை எதையும் தொடாதிய அண்ணாச்சி. ஒட்டடைகூட."

இனி நடந்தது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. போகிக்கு வெள்ளையடிக்காமல் இரண்டு பொங்கலை அந்தக் கறைக்குக் கீழேயே கழித்திருந்தோம். மூன்றாவது நெருங்கியபோது என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல இருந்து ஆபீசர் வீட்டுக்கு வாராரு. இந்த லட்சணத்துலயா உக்கார வைக்கது? நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?"

"அவர் வாரதே இந்த லட்சணத்தைப் பாக்கத்தான்."

"பாக்கட்டும். அடுக்களையில கறை இருக்குல்லா, அதைக் காட்டுங்க. முன்னறையை மட்டும் அடிச்சிருவோம். பொங்கலும் அதுவுமா."

இரண்டரை வருடம் அண்ணாந்தே பார்த்துப் பழகிய எனக்கும் ஆசை வந்துவிட்டது. அடுக்களையில் கறை இருக்கிறது, சொட்டுக் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் மூன்று இருக்கிறது, லாத்தாவின் போட்டோக்கள் இருக்கின்றன, முன்னறை ஒன்று போனால் என்ன என்று கணக்குப் போட்டேன். வடாலாவிலிருந்து ஒரு பெயின்டரைக் கூட்டிவந்தேன். கறைமேல் சும்மா அடித்தால் இரண்டே நாளில் மஞ்சள் எட்டிப் பார்க்கும், சுரண்டிப் பட்டி வைக்க வேண்டும் என்றான். வை என்றேன். விரிசலையெல்லாம் சேர்த்து மூடிவிட்டான். ஜனவரி 14, திங்கட்கிழமை, மாலை நான்கரை மணிக்கு வேலை முடிந்தது. அன்று கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன்.

பதினெட்டாம் தேதி கமிஷனர் சரியாகப் பதினொன்று இருபதுக்கு வந்தார். சின்ன வயது வக்கீல். கூடவே சேட்டின் வக்கீலும் முனீமும். என் மனைவி பட்டுப்புடவை கட்டி, வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள். கமிஷனர் ஒரு வாய் குடித்து, அண்ணாந்து பார்த்து, "வெரி நீட்" என்றார். "தேங்க் யூ சார்" என்றாள் அவள், மனதார.

நான் அவரை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனேன். முனீம் பின்னாலேயே வந்து கையைத் தூக்கிக் காட்டினார். அடுக்களைக்கு நேர் மேலே லாத்தாவின் மோரி. அவர் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் கசிவதற்குச் சேட் எப்படிப் பொறுப்பு? கமிஷனர் எழுதிக்கொண்டார். என் வீட்டில் மொட்டை மாடித் தண்ணீருக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே இடம் முன்னறை சீலிங். ஊரில் உள்ளதையெல்லாம் எண்ணிய நான் இதை எண்ணவில்லை.

அப்போது லாத்தா படியேறி வந்தார். ஹார்பர் லைனில் வண்டி தாமதம். படியிலேயே சுண்ணாம்பு வாசனை அடித்திருக்கும். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று மேலே பார்த்தார். நான் எண்ணினேன், பதினான்கு நொடி. பிறகு கமிஷனரைப் பார்த்து, "ஊப்பர் ஆயியே சாப், மேரா கர் தேகியே" என்று தன் வீட்டைக் காட்ட அழைத்துப் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

கோர்ட்டில் சேட்டின் வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றினார்.

"சொட்டுகளை எண்ணியது நீங்கள்தானே?"

"நான்தான்."

"ஒன்றுகூடத் தவறியிருக்காது?"

"தவறாது."

"இப்போது நிமிடத்துக்கு எத்தனை?"

"இப்போது மழை..."

"எத்தனை?"

"இல்லை."

"சீலிங்கில் விரிசல்?"

"பட்டி வைத்து..."

"எத்தனை என்று கேட்டேன்."

"இல்லை."

அவ்வளவுதான். கீழ் வீட்டு சீலிங் புத்தம் புதிதாக இருக்கிறது, அப்படியானால் மேல் வீட்டுத் தரையை யார் உடைத்தது, ஈட்டுத் தொகைக்காக அந்த அம்மாளே சுத்தியலால் உடைத்திருக்கிறார், டப்பாவில் இருப்பது எந்தக் கட்டடத்துக் காரையோ, போட்டோவில் இருப்பது யார் வீட்டுத் தண்ணீரோ என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் கூண்டிலிருந்து இறங்கினேன். லாத்தா கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பரில் தீர்ப்பு. நஷ்டத்துக்குப் போதிய சாட்சியம் இல்லை. இரண்டு பேருக்கும் ஈடு கிடையாது. மொட்டை மாடியை மட்டும் சேட் தேவையான அளவு பழுதுபார்க்க வேண்டும். அவருக்குத் தேவையான அளவு ஒரு நீலத் தார்ப்பாய். வெளியே வந்தபோது முனீம் என் தோளில் தட்டினார். "அண்ணா, சூனா அச்சா லகாயா." சுண்ணாம்பு நன்றாக அடித்திருக்கிறீர்கள் என்கிறார்.

ரயிலில் நான் பேச வாயெடுத்தேன். "லாத்தா, நான் வேணும்னு..."

"ஒண்ணும் சொல்லாண்டாம் அண்ணாச்சி. வெள்ளையடிச்ச தேதி என்ன?"

"ஜனவரி பதினாலு."

தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாதர் வரை என் காதில் டப்பாச் சத்தம்தான்.

நகை போனது போனதுதான். நவம்பரில் அவரே கொத்தனாரைக் கூட்டிவந்து தரையைத் தோண்டிப் போட்டார். மேலே சுத்தியல் விழ விழ, என் சீலிங் வெள்ளைவெள்ளையாக உதிர்ந்தது. லாத்தா இறங்கி வந்து, குனிந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டைப் பொறுக்கிக்கொண்டு போனார். வேலை முடிந்த அன்று கொத்தனாரின் பில்லைக் கொண்டுவந்து நீட்டினார். அறுபத்தோராயிரத்து இருநூறு.

"நடுவுல உள்ளது சேட்டுக்குன்னு சொன்னேன்லா. அவரு வேண்டாம்னுட்டாரு. இனி அது நம்ம ரெண்டு பேருக்குந்தான். பாதி தாங்க."

நான் எண்ணிக் கொடுத்தேன். அவரும் ஒரு தடவை எண்ணினார். அது வரை நான் எண்ணியதை அவர் திரும்ப எண்ணியதில்லை.

2021-இல் வீட்டைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு மகளோடு இருக்கத் தேவ்நாருக்குப் போய்விட்டார். டெம்போவில் மெஷின் ஏறியது, கட்டில் ஏறியது, டப்பாக்களும் ஏறின. நான் படியில் நின்று எண்ணினேன், இருபத்து மூன்று. இருபத்து நான்காவது ஒன்று என் வாசலில் இருந்தது. மூடியில் வெள்ளை நாடா. "14-1-2019. கீழ் வீட்டு அண்ணாச்சி." உள்ளே என் சீலிங். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பால்போல வெள்ளை.

டப்பா இப்போது என் அலமாரியில் இருக்கிறது. கொட்டிவிட்டுக் கடுகு போட்டு வைக்கலாம் என்று என் மனைவி இரண்டு தடவை கேட்டாள். தொடாதே என்று சொல்லிவிட்டேன். இந்த மழைக்கும் முன்னறை ஒழுகவில்லை. ஆனாலும் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை. பார்த்தால் பட்டி வைத்த இடம் எதுவென்று கண் தேடுகிறது.

டப்பாவுக்கு அவர் காசு வாங்கவில்லை. மற்றதைக் கூட்டி வைத்திருக்கிறேன். வக்கீலுக்கு என் பங்கு 18,500. இருபத்தேழு வாய்தாவுக்கு ரயிலில் போய்வர 540. ஜெராக்ஸ் 312. பட்டி, சுண்ணாம்பு, கூலி 2,130. தரையில் என் பாதி 30,600. மொத்தம் ஐம்பத்திரண்டாயிரத்து எண்பத்திரண்டு ரூபாய்.